ஒரே நாளில் முழு மன்றமா, தவணையில் மூன்றில் ஒரு பங்கா?

இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட், மேற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் இரண்டும் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் கிராமப்புற மாவட்டங்கள். குப்பை அள்ளுவதும் கட்டட அனுமதி தருவதும் இரு மாவட்ட மன்றங்களுக்கும் பொதுவான வேலை. தேர்தல் முறையில்தான் வேறுபாடு.

கோட்ஸ்வோல்டில் 34 இடங்களுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மொத்தமாகத் தேர்தல். மக்களுக்குக் கோபம் வந்தால் ஒரே மே மாதத்தில் ஆட்சி கைமாறும். 2019-இல் கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு அப்படித்தான் மாறியது. செலவும் குறைவு.

மேற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 49 பேரில் மூன்றில் ஒரு பங்கினரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். நான்காம் ஆண்டில் மாவட்டத் தேர்தல் இல்லை; அது பள்ளி, சாலைகளைக் கவனிக்கும், மாவட்டத்துக்கு மேலுள்ள கவுண்டி மன்றத்தின் தேர்தலுக்கு. அனுபவசாலிகள் ஒரேயடியாகக் காணாமல் போவதில்லை என்பது இதன் பலம். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மூன்று உறுப்பினர்கள் உள்ள வார்டில் இருப்பவர் ஏறக்குறைய ஆண்டுதோறும் கிராம மண்டபத்துக்குப் போய், வாக்குச்சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போடுகிறார். ஓர் உறுப்பினர் மட்டுமே உள்ள சிறு கிராமத்து வார்டுக்காரருக்கோ மாவட்டத் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். மன்றம் ஒன்றே, வாய்ப்பு மட்டும் வேறு!

என் வாக்கு கோட்ஸ்வோல்ட் முறைக்கே. ஆண்டுதோறும் தேர்தல் வந்தால், வயல்வெளியில் புது வீடுகள் கட்ட அனுமதிப்பது போன்ற கசப்பான முடிவை எந்த உறுப்பினர் துணிந்து எடுப்பார்?