பிஎஸ்4 ஆட ஒரு 32 இன்ச் டிவி

வீட்டுக்குப் பழைய பிஎஸ்4 (ப்ளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) ஒன்று வந்ததும் அதற்கென்று தனியாக ஒரு டிவி தேவைப்பட்டது. ஹாலில் இருக்கும் டிவியில் சாயங்காலத்துக்கு மேல் சீரியல், அந்த நேரத்தில் ரிமோட்டைக் கேட்கவே முடியாது. படுக்கையறையில் 32 இன்ச்சுக்கு மேல் இடமில்லை, பட்ஜெட் 15,000. தேடிப் பார்த்து, அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு பிராண்டின் 32 இன்ச் ஃபுல் ஹெச்டி டிவியை வாங்கினேன். மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் வருகிற டிவிகளில் ஒரே மாடல் நம்பருக்குள் பேனலை (படம் தெரிகிற திரையை) மாற்றிவிடுவது சகஜம், எனக்கு வந்ததுதான் உங்களுக்கும் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. அதனால் என் டிவி எப்படி இருக்கிறது என்பதைவிட எதைப் பார்த்து வாங்கினேன் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் ரெசல்யூஷன், அதாவது திரையில் எத்தனை புள்ளிகள் என்பது. 32 இன்ச்சில் கடையில் மாட்டி வைத்திருப்பதில் பெரும்பாலானவை 'ஹெச்டி ரெடி', அதாவது 1366 x 768. சாம்சங், எல்ஜி, சோனி என்று பெரிய பெயர்களிலும் இந்த அளவில் 768 பேனல்தான் அதிகம். பெட்டியில் '1080பி சப்போர்ட்' என்று இருக்கும். அது பொய்யில்லை, 1080பி சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுவது மட்டும் 768 வரிகளுக்குள் சுருக்கித்தான். ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை. கேம் அப்படியில்லை, கட்டில் நுனியில் நாலடி தூரத்தில் உட்கார்ந்து, மூலையில் இருக்கும் மேப்பையும் தோட்டாக் கணக்கையும் கீழே பொடியாக வரும் மிஷன் விவரத்தையும் ஓடுகிற ஓட்டத்திலேயே படித்தாக வேண்டும். 768 பேனலில் அந்தப் பொடி எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும், பிஎஸ்4-ஐ 1080-ல் வைத்தாலும் சரி 720-ல் வைத்தாலும் சரி, எதுவும் 768 வரிக்குள் நேராகப் பொருந்தாது. ஆகவே 32 இன்ச்சில் ஃபுல் ஹெச்டி கிடைத்தால் பிராண்டு சின்னதாக இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். 'ஃபுல் ஹெச்டி' என்று சேல்ஸ்மேன் வாயால் சொன்னால் போதாது, 1920 x 1080 என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

'ஹெச்டிஆர்' (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் எடுப்பாகக் காட்டும் வசதி) என்ற ஸ்டிக்கருக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். இந்த விலை டிவிகளில் ஹெச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், அதைக் காட்டுகிற அளவுக்குப் பின்னால் வெளிச்சம் கிடையாது.

அப்புறம் லேக், அதாவது தாமதம். ஆளை ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் ஷோரூமில் கிளியும் பூவும் ஓடுகிற டெமோ வீடியோவில் இது தெரியவே தெரியாது. விளம்பரத்தில் '8 மில்லி செகண்டு' என்று போடுவது ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம். நீங்கள் பட்டனை அழுத்தி, அது திரையில் தெரிய டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு, அதைப் பெட்டியில் யாரும் போடுவதில்லை. வருகிற படத்தை அப்படியே காட்டாமல் புள்ளிகளை நீக்கி, கூர்மை ஏற்றி, நிறம் கூட்டி என்று உள்ளே ஏதேதோ செய்துவிட்டுத்தான் டிவி வெளியே விடுகிறது. செகண்டுக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓடுகிற கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்டு. இந்த வேலைகளைக் குறைக்கிற 'கேம் மோடு' போடாதபோது 100 மில்லி செகண்டு வரை இழுக்கிற டிவிகள் உண்டு, அது கிட்டத்தட்ட ஆறு ஃப்ரேம். டெக்கன் என்ற சண்டை கேமில் வேகமான ஜாப் (நேர்க்குத்து) ஒன்று 10 ஃப்ரேமில் மூஞ்சியில் விழும். அதில் ஆறை டிவியே தின்றுவிட்டால் எதிராளியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கிரிக்கெட் கேமிலும் இதே கதைதான், பந்து பிட்ச் ஆனதைப் பார்த்து அடித்தால் 'லேட்' என்று வரும், ஆடுகிறவர் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். கேம் மோடு ஒழுங்காக இருக்கும் டிவியில் இது 10-லிருந்து 20 மில்லி செகண்டுக்குள் அடங்கிவிடும்.

இதைக் கடையிலேயே பார்க்கலாம். ஒரு லேப்டாப், ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் போதும். டிவியில் இணைத்து, இரண்டு திரையிலும் ஒரே படம் வருகிற மாதிரி டூப்ளிகேட்டில் வைத்து, மில்லி செகண்டு காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை ஓடவிட்டு, இரண்டையும் சேர்த்து ஃபோனில் படம் எடுத்தால், லேப்டாப்பில் ஒரு எண்ணும் டிவியில் கொஞ்சம் பின்தங்கிய எண்ணும் இருக்கும். அந்த வித்தியாசம்தான் லேப்டாப் திரையைவிட டிவி எவ்வளவு தாமதம் என்பது. ஒரு படம் போதாது, திரையே 16 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் மாறுகிறது, அதனால் நாலைந்து எடுத்து சராசரி பார்க்க வேண்டும். லேப் டெஸ்ட் அளவுக்குத் துல்லியம் வராது, ஆனால் 20-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நான் போன முதல் ஷோரூமில் "அதெல்லாம் எதுக்கு தம்பி, கேமுக்கு எல்லா டிவியும் ஒண்ணுதான், இது 20 வாட்ஸ் சவுண்டு" என்றார் கடைக்காரர். "ரெண்டு நிமிஷம்தான் அண்ணே" என்று கேட்டும் பிளக் பாயின்ட் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த கடையில் தாராளமாக விட்டார்கள், அங்கேயே வாங்கினேன்.

வாங்கிய டிவியில் சாதாரண மோடில் வித்தியாசம் அறுபதுக்கு மேல், கேம் மோடில் இருபதை ஒட்டி. எனக்கு இது போதும். ஆனால் அந்தக் கேம் மோடு தானாக வராது, மெனுவில் தேடிப்பிடித்து நாம்தான் போட வேண்டும். சாம்சங்கின் பல மாடல்களில் அது பிக்சர் மெனுவில்கூட இருக்காது, ஜெனரலுக்குள் போய் எக்ஸ்டர்னல் டிவைஸ் மேனேஜருக்குள் பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஆடும்போது மேப்பின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. இது ஓவர்ஸ்கேன், பழைய குழாய் டிவி காலத்து வழக்கம், இன்னும் விட்டபாடில்லை. மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும், அதைப் போட்டால் முழுப் படமும் வரும், எழுத்தும் கூடவே தெளிவாகிவிடும். ஷார்ப்னஸை நான் பூஜ்யத்துக்கு இறக்கினேன், எழுத்தைச் சுற்றி இருந்த வெள்ளைக் கோடு போய்விட்டது. நிறம் நீலமடித்துத்தான் வந்தது, வார்ம் என்று மாற்றியதும் புல்வெளி புல்வெளியாகத் தெரிந்தது.

என் டிவியில் இருப்பது விஏ வகை எல்சிடி பேனல் மாதிரி தெரிகிறது. நேரே உட்கார்ந்தால் கறுப்பு நல்ல கறுப்பு, ராத்திரியில் நடக்கும் கேம்களுக்கு அருமை, ஆனால் இருட்டான காட்சியில் கேமராவை வேகமாகத் திருப்பினால் பின்னால் லேசாக ஒரு கறை இழுபடும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் வெளுத்துப்போகும். இரண்டு பேர் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து ஆடுகிற வீடென்றால் பக்கவாட்டிலும் அவ்வளவாக வெளுக்காத ஐபிஎஸ் வகை பேனல் தேடுங்கள், கறுப்பு கொஞ்சம் சாம்பலாக இருக்கும், பரவாயில்லை. கடையில் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாலே எது எது என்று பிடிபட்டுவிடும்.

ஸ்மார்ட் வசதி படு மந்தம். ஒரு ஜிபி ராம், யூட்யூப் திறப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். எனக்கு அது வேண்டியதில்லை. சவுண்டு டப்பா ரகம், ராத்திரி கன்ட்ரோலரில் இருக்கும் ஓட்டையில் இயர்ஃபோனைச் செருகிக்கொள்கிறேன். டிவியோடு ப்ளூடூத் இயர்ஃபோனை இணைத்து ஆடாதீர்கள், சுட்ட பிறகு சத்தம் வரும்.

இதற்குப் பதில் மானிட்டர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். தனியாக ஆடுகிறவர், மேஜை இருக்கிறது, டிவி சேனல் வேண்டாம் என்றால் தாராளமாக வாங்குங்கள், 24 இன்ச் ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ் மானிட்டர் பத்தாயிரத்துக்குள்ளேயே கிடைக்கிறது, லேக் விஷயத்தில் பெரும்பாலான டிவிகள் பக்கத்தில்கூட வர முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: '100 ஹெர்ட்ஸ்' (செகண்டுக்கு 100 முறை படம் மாறும்) என்று போட்டிருப்பதைப் பார்த்து பிஎஸ்5-க்கு வாங்காதீர்கள். கன்சோல்கள் 60 அல்லது 120-ல்தான் அனுப்பும், 100 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 60-ல்தான் ஓடும். ஹெச்டிஎம்ஐ வழியாக 120 எடுக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிஎஸ்4-க்கு இந்தக் கவலையே இல்லை, அது 60-க்கு மேல் போகாது. எனக்கு மானிட்டர் சரிப்படவில்லை, ஞாயிற்றுக்கிழமை அப்பா அதே அறையில் செட்டாப் பாக்ஸ் போட்டு கிரிக்கெட் பார்ப்பார், மானிட்டரில் ஸ்பீக்கருக்கும் ரிமோட்டுக்கும் எங்கே போவது.

43 இன்ச்சுக்கு இடமும் இன்னும் கொஞ்சம் காசும் இருந்தால் அதையும் யோசியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, அந்த அளவில் 4கே பேனலே சாதாரணமாகக் கிடைக்கிறது.

சுவரில் மாட்டுவதற்கு முன் ஹெச்டிஎம்ஐ ஓட்டை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனியுங்கள். எனக்கு ஒன்று பக்கவாட்டில், இன்னொன்று நேராகச் சுவரைப் பார்த்து. அந்த இரண்டாவதில் செட்டாப் பாக்ஸ் கேபிளைச் செருகிவிட்டுத்தான் மாட்டச் சொன்னேன், பக்கவாட்டு ஓட்டை பிஎஸ்4-க்கு.