தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்கு எது சரி: போர்ட் லூயிஸ் ஹோட்டலா, அடுப்பு உள்ள அபார்ட்மெண்டா?

மார்கழி பிறந்தால் போதும், மதுரையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துவிடும்: "இந்தத் தடவை எங்கேம்மா ரூம் போடுறது?" மொரீசியஸில், ரோஸ்ஹில் என்ற ஊரில், எங்கள் வீட்டில் படுக்கையறை இரண்டுதான். வருகிறவர்கள் ஆறு பேர். சித்திக்கு இங்கே காவடி எடுப்பதாக வேண்டுதல். கொடியேற்றத்தன்று விரதம் தொடங்கினால் பத்து நாள் ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் தன் கையால் சமைத்தது. எனவே தங்குமிடம் தேடும்போது நான் கட்டிலை எண்ணுவதற்கு முன்னால் அடுப்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தலைநகர் போர்ட் லூயிஸ் நடுவில் ஹோட்டல், கடற்கரையில் அபார்ட்மெண்ட், அப்புறம் காவடி போய்ச் சேரும் முருகன் கோயில் இருக்கிற கத்ர்போர்னில் ஒரு ஃப்ளாட் என்று மூன்று வருடத்தில் மூன்றையும் பார்த்துவிட்டோம். இங்கே திருவிழாவுக்கு வர நினைக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

முதல் வருடம் ஹோட்டல். "ஊர் நடுவுல இருந்தா எல்லாம் பக்கம்" என்றார் சித்தப்பா. நானும் சரி என்று துறைமுகத்தை ஒட்டி மூன்று அறை போட்டேன். ஊர் நடு என்றால் நம் ஆட்களுக்கு மதுரை டவுன்ஹால் ரோடுதான் மனதில் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கீழே இறங்கினாலும் சூடாக ஏதாவது கிடைக்கும். போர்ட் லூயிஸ் அப்படி இல்லை. அது பகலில் வேலைக்கு வந்துபோகிற ஊர். வங்கி, கோர்ட்டு, அரசு அலுவலகம் எல்லாம் அங்கே. ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் மொத்த ஜனமும் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஏறி மேட்டு நிலத்துக்குப் போய்விடும். இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. 1866, 67 ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் போர்ட் லூயிஸை வாட்டியபோது, வசதி உள்ளவர்கள் குளிர்ந்த க்யூர்பீப் பக்கம் ஏறிப் போய்க் குடியேறினார்கள். குடியிருப்பு மேலே, வியாபாரம் கீழே என்ற அந்த ஏற்பாடு இன்னும் தொடர்கிறது.

வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை. "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று ஆறரை மணிக்கு இறங்கிய சித்தப்பா முக்கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினார். தெரு முழுக்க ஷட்டர். துறைமுகத்தை ஒட்டிய கோதான் கடைவளாகத்தின் பக்கம் விளக்கும் உணவகமும் உண்டு. ஆனால் அங்கே மீன், பர்கர், ஒயின். விரதக்காரருக்கு அங்கே என்ன இருக்கிறது? காலைச் சாப்பாடு வாடகையிலேயே அடக்கம் என்று சந்தோஷப்பட்டிருந்தோம். ரொட்டி, சீஸ், முட்டை, சாசேஜ் வரிசையாக இருந்தன. சித்தி ஒரு வாழைப்பழமும் பப்பாளித் துண்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். பத்து நாளும் அதற்கு நாங்கள் முழு விலை கொடுத்தோம். ஒரு வேளைச் சோற்றை ரோஸ்ஹில்லில் என் வீட்டு அடுப்பில் பொங்கிக்கொண்டார். அதற்கும் தினம் ஒரு பயணம்.

இன்னொரு காட்சி கண்ணிலேயே நிற்கிறது. காவடிக்கு முந்தின இரவு, செம்பில் ஊற்றுவதற்கான பாலை அறையில் இருந்த சின்ன ஃபிரிட்ஜில் வைக்கப் போனோம். திறந்தால் உள்ளே வரிசையாகக் குட்டி விஸ்கி பாட்டில்கள். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பால் பாக்கெட்டை முந்தானையில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே வரவேற்பில் சொன்னதும் வந்து பாட்டில்களை எடுத்துப் போனார்கள், அதுவும் முகம் சுளிக்காமல். ஆனாலும் அந்த அரை மணி நேரம் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

காவடி கட்டுவதும் ஹோட்டலில் நடக்காது. மரச்சட்டத்தை வளைத்து, தென்னங்குருத்து தோரணம், பூ, எலுமிச்சை, மயிற்பீலி என்று கட்டி முடிக்க நாலு பேர் தரையில் உட்கார இடம் வேண்டும். தண்ணீர் சிந்தும், பூ சிதறும். கம்பளம் விரித்த அறையில் அதை எப்படிச் செய்வது? எங்கள் வீட்டு முற்றத்தில்தான் கட்டினோம். ஹோட்டலுக்குத் திரும்பும் மெட்ரோவைப் பிடிக்க வேண்டும் என்று, பாதியிலேயே கையைக் கழுவிக்கொண்டு சித்தி கிளம்பினார். கடைசிப் பூவைத் தன் கையால் வைக்க முடியவில்லை என்று இன்றும் சொல்வார்.

இவ்வளவு சொன்னாலும் போர்ட் லூயிஸ் ஹோட்டலின் நல்லதையும் சொல்ல வேண்டும். ஊர் பார்க்க அதைவிட வசதி இல்லை. 1834 முதல் கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் கரையேறிய ஆப்ரவாசி காட், 2006ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், நடக்கிற தூரம். மத்தியச் சந்தையும் அப்படியே. அந்தச் சந்தையில்தான் சித்திக்கு முதல் முறையாக முகம் மலர்ந்தது. இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் கொத்தமல்லிக்கு 'கொத்தோமிலி', கறிவேப்பிலைக்கு 'காரிபுலே', முருங்கைக்கீரைக்கு 'ப்ரெத் முரும்', பீர்க்கங்காய்க்கு 'பிப்பங்காய்'. தமிழ் பேசத் தெரியாத கடைக்காரர் நம் காய்கறியை நம் பெயரிலேயே விற்கிறார். மீதிச் சில்லறையாக வந்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சித்தப்பா அதைச் செலவு செய்யவே இல்லை. மக்கள் கயிலாசம் என்று சொல்லும் சொக்கலிங்க மீனாட்சியம்மன் கோயிலும் டாக்சியில் கொஞ்ச தூரம்தான்.

சரி, அடுத்த வருடம் அடுப்பு வேண்டும் என்று மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் அபார்ட்மெண்ட். கடற்கரை வீட்டை இங்கே 'கம்ப்மாங்' என்பார்கள். உள்ளூர்க் குடும்பங்களும் விடுமுறைக்கு அப்படித்தான் எடுப்பார்கள். மூன்று படுக்கையறை, கூடம், கடல் தெரிகிற பால்கனி. ஆறு பேருக்கு ஹோட்டலில் மூன்று அறைக்குக் கொடுத்ததைவிட எங்களுக்குக் குறைவாகவே வந்தது. குழந்தைகளுக்குச் சொர்க்கம்.

சித்தி நேராகச் சமையலறைக்குப் போனார். அலமாரியைத் திறந்து வாணலியை எடுத்து முகர்ந்தார். "இதுல மீன் வறுத்திருக்காங்க. இதுல எப்படிம்மா நான் பொங்கல் வைப்பேன்?" என்றார். கழுவித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் வாணலியின் ஓரத்தில் பழைய எண்ணெய் பிசுக்கு, மரக்கரண்டியில் பூண்டும் மீனும் கலந்த வாடை. வாடகை வீட்டுப் பாத்திரத்தில் யார் எதைச் சமைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? மறுநாளே ரோஸ்ஹில் கடையில் ஒரு பானை, ஒரு வாணலி, இரண்டு கரண்டி, ஆறு தட்டு புதிதாக வாங்கினோம். அடுப்பை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தோம். அதற்கப்புறம் அந்த வீடு எங்கள் வீடாகிவிட்டது. இதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்; பெரிய செலவு இல்லை, ஆனால் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் பிளக் இங்கே சுவரில் நுழையாது. பிரிட்டிஷ் பாணிச் சதுர முள்ளும் பிரெஞ்சு பாணி இரண்டு முள்ளும்தான் உண்டு. அடாப்டர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலை கட்டிக்கொண்டு வராதீர்கள், அனுமதி இல்லாமல் செடி கொடி எதையும் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

கடற்கரை அபார்ட்மெண்ட் சறுக்கியது காவடி அன்று. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கிலிருந்து கத்ர்போர்ன் பதினைந்து கிலோமீட்டர் போல. பகலில் பஸ் உண்டு. மெட்ரோ அந்தப் பக்கம் போவதே இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, காவடி கிளம்பும் ஆற்றங்கரையில் இருக்க வேண்டும் என்று முந்தின நாளே பேசி வைத்த டாக்சி வரவில்லை. என் வீட்டுக்காரர் ரோஸ்ஹில்லிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய், இரண்டு தடவையாக எல்லோரையும் கூட்டி வந்தார். சித்தி ஈரச் சேலையோடு, யாரிடமும் பேசாமல், வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். வாடகைக் கார் எடுத்து ஓட்டத் தெரிந்தவர் குடும்பத்தில் இருந்தால் கடற்கரை சரி. இங்கேயும் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்கு அது சிரமமில்லை. கார் இல்லாமல் விரதக்காரரோடு கடற்கரைக்குப் போகாதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

மூன்றாவது வருடம் கத்ர்போர்ன். இணையத்தில் விடுமுறை அபார்ட்மெண்ட் என்று தேடினால் கடற்கரை ஊர்களே முதலில் வரும்; க்ரான் பே, பெரிபேர், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக். கத்ர்போர்னும் ரோஸ்ஹில்லும் அடியில் எங்கோ கிடக்கும். தேடி எடுங்கள். கோர் தெ கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில் அங்கேதான். வெயில் ஏறுவதற்கு முன் படியேறிவிடலாம். புதனும் சனியும் காய்கறிச் சந்தை. மெட்ரோ ஏறினால் போர்ட் லூயிஸ், எதிர்ப்பக்கம் க்யூர்பீப். தை மாதம் இங்கே கோடை உச்சம். போர்ட் லூயிஸ் மலைகளுக்கு நடுவே புழுங்கும்போது மேலே கொஞ்சம் காற்று இருக்கும். சித்தி அந்த ஃப்ளாட்டின் பின்வராந்தாவில் உட்கார்ந்து காவடியைத் தன் கையாலேயே கட்டி முடித்தார். பால் எங்கள் ஃபிரிட்ஜில், எங்கள் செம்பில் இருந்தது. காவடி முடிந்து கோயிலில் வாழை இலையில் 'செத் காரி', அதாவது ஏழு கறிச் சாப்பாடு, முடித்துவிட்டு நடந்தே வந்து படுத்துவிட்டார்கள்.

குறையும் உண்டு. கடல் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. இரவில் கதவைத் தட்டினால் வர ஆள் இல்லை. மழைக்கு முந்தைய மாதங்களில் குழாய்த் தண்ணீர் நேரம் வைத்து வரும், ஆகவே மேல்தொட்டியும் பம்பும் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். ஏசி கரண்ட் தனியா, துப்புரவுக் கட்டணம் எவ்வளவு, முன்பணம் எப்போது திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா ஆணையத்தின் சான்றிதழ் உள்ள வீடுதானா என்றும் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் இரவுக்கு 3 யூரோ வரி, ஹோட்டலானாலும் வாடகை வீடானாலும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. ஐந்து பெரியவர்கள் பத்து இரவு தங்கினால் 150 யூரோ. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

புயலைச் சொல்லாமல் விட முடியாது. ஜனவரி, பிப்ரவரி இங்கே புயல் மாதம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அந்த ஆண்டு தைப்பூசம் 25ஆம் தேதி; ஆகவே புயல் வந்தது சரியாகக் கொடியேற்ற நேரத்தில். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை கொடுத்தால் பஸ் நின்றுவிடும், வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அந்த நாளில் ஹோட்டலுக்குத்தான் பலம்: ஜெனரேட்டர், சாப்பாடு, பக்கத்தில் ஆள். அபார்ட்மெண்டில் இருந்தால் மெழுகுவத்தி, குடிதண்ணீர், இரண்டு நாள் மளிகை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ள பெரியவர்களோடு வருகிறவர்கள், கூட உள்ளூர் உறவு யாரும் இல்லையென்றால், ஹோட்டலுக்கே போகட்டும். விரதம் இல்லாமல் மூன்று நாள் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பும் தம்பதிக்கும் அதுதான் சரி.

இந்த வருடம் கத்ர்போர்னில் அதே தெருவில் கீழ்த்தளமாகப் பார்த்து எட்டு இரவு போட்டிருக்கிறேன். கடைசி இரண்டு இரவு துறைமுகத்து ஹோட்டல். காவடி முடிந்த பிறகு சித்தப்பா கப்பல் பார்க்க வேண்டும் என்கிறார். சித்தி செம்பை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவருகிறார். பானையும் வாணலியும் போன முறை கழுவிக் காயவைத்துத் துணியில் கட்டியபடியே எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.