பிள்ளைப்பேறுக்குப் பிறகு: ஆஸ்டியோபதியா, இடுப்புத் தளப் பயிற்சியா?

பிரான்ஸில் பிள்ளை பெற்றவர்களுக்கு ஆஸ்டியோபதி என்கிற கை வைத்தியம், இடுப்புத் தளப் பயிற்சி இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பேறு முடிந்து 6 முதல் 8 வாரத்துக்குள் நடக்கும் பரிசோதனையில் இடுப்புத் தளத் தசைப் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் தசை) பயிற்சிக்குச் சீட்டு எழுதித் தருவது வழக்கம். செலவை அரசுக் காப்பீடு ஏற்கும். ஆஸ்டியோபதிக்கு 2002 சட்டத்தில் அங்கீகாரம் உண்டு, ஆனால் அரசுக் காப்பீடு காசு தராது.

தும்மினால் சிறுநீர் கசிகிறதா? யோசிக்கவே வேண்டாம், பயிற்சிதான். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, ஐந்து விநாடி பிடித்து, முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. பலர் தளர்த்துவதைத்தான் கோட்டை விடுகிறார்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதுதான் சலிப்பு.

ஆஸ்டியோபதியில் நாம் படுத்திருந்தால் போதும். முதுகு, இடுப்பு மூட்டு என்று கையால் அழுத்தி இளக்குவார்கள். பால் கொடுத்துக் கொடுத்துப் பிடித்துக்கொண்ட தோளுக்குச் சுகமாக இருக்கும். முதுகுவலிக்கு உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. 'கருப்பையை இடத்தில் வைக்கிறேன்' என்று யாராவது ஆரம்பித்தால், சரி என்று சொல்லி எழுந்து வந்துவிடலாம்.

சிசேரியன் தையல் ஆறும்வரை வயிற்றில் யாரையும் அழுத்த விடாதீர்கள். அப்புறம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரண்டுமே வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.