52,000 டாலருக்கு ஒரு மாலிபு: பழைய ஷெவெல் எஸ்எஸ் தேடுகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பணம் போய் ஏழு மாதம் ஆகிறது. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது டெட்ராய்ட்டுக்கு வடக்கே, உட்வர்ட் அவென்யூவிலிருந்து நாலு தெரு தள்ளி. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை அந்தச் சாலையில் பழைய வண்டிகளின் ஊர்வலமான ட்ரீம் க்ரூஸ் நடக்கும். 1995இல் தொடங்கியது. அந்த வாரம் முழுக்க எங்கள் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடும். முதல் இரண்டு வருடம் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் வருடம் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே சாலையோரம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பித்து முற்றியதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடுத்தர அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் விதி போட்டிருந்த காலத்தில், பான்டியாக் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் ஆட்கள் 389 இன்ஜினை லெமான்ஸ் வண்டிக்குள் 'ஆப்ஷன்' என்ற பெயரில் நுழைத்து 1964இல் ஜிடிஓ என்ற வேக வண்டியாக்கிய கதையைத் தானே கூட இருந்து செய்த மாதிரி சொல்வார். இத்தனைக்கும் அவர் சொந்தக் காசில் வாங்கி ஓட்டியது ஷெவர்லே. 1969 ஷெவெல் எஸ்எஸ் 396. ஷெவெல் காரில் 396 கன அங்குல இன்ஜின் போட்ட வேக வகை; மாலிபு என்பது அதே காரின் சாதாரண வகை. இதே உட்வர்டில் ராத்திரி சிக்னலுக்கு சிக்னல் பந்தயம் விட்ட வண்டி. 1973 கடைசியில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நிற்க ஆரம்பித்தபோது, கையில் குழந்தையும் இருக்க, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். அந்த இடம் வந்தால் மட்டும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைக்கப் போய்விடுவார்.

அதே வண்டியை வாங்கி அவர் வாசலில் நிறுத்தி ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். இதுதான் என் ஆசை. அந்த ஆசைதான் என் கண்ணைக் கட்டியது.

விளம்பரம் தெற்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்தது. பழைய வண்டிகளை மட்டுமே விற்கும் கடை. 'நம்பர்ஸ் மேட்சிங்', அதாவது பிறந்தபோது இருந்த அதே இன்ஜின். பனி உருக உப்புப் போட்ட சாலையையே பார்க்காத, அதனால் துருப்பிடிக்காத வண்டி. கூடவே ஒரிஜினல் பில்ட் ஷீட். இது வண்டியை ஒன்றுசேர்க்கும்போது என்னென்ன பாகம் போட வேண்டும் என்று தொழிற்சாலையில் அச்சடித்த தாள். பெட்ரோல் டேங்க் மேலேயோ சீட் ஸ்பிரிங் இடுக்கிலோ மறந்துபோய்க் கிடந்து, ஐம்பது வருடம் கழித்து யார் கையிலாவது சிக்கும். என்னுடையது பழுப்பேறி, இடது மூலையில் டம்ளர் வைத்த மாதிரி வட்டமாக ஒரு கறையோடு இருந்தது. அந்தக் கறைதான் எனக்கு நம்பிக்கையே கொடுத்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பரிசோதிக்காமல் வாங்கினாயா என்று கேட்பீர்கள். பரிசோதித்தேன். "எங்கள் ஊரில் நம்பிக்கையான ஆள் ஒருவர் இருக்கிறார்" என்று கடைக்காரரே எண் கொடுத்தார். அவரிடமே போனேன். கூலியும் நானே கொடுத்தேன். நாற்பது படத்தோடு அறிக்கை வந்தது. இன்ஜின் எண் இருக்கும் இடத்தின் படம் அதில் ஒன்றுகூட இல்லை. "ஏங்க, இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்துட்டு வாங்க மாட்டீங்களா?" என்று வீட்டில் கேட்டாள். விமானச் செலவு வேறு எதற்கு என்றேன்.

52,000 டாலர், வங்கியிலிருந்து நேராக ஒயர் டிரான்ஸ்ஃபர்.

இந்த மாடல் ஏன் ஏமாற்றுக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை என்பதைச் சொல்ல வேண்டும். 1966 முதல் 1968 வரை வந்த எஸ்எஸ் 396 வண்டிகளின் வின் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண், 138 என்று தொடங்கும். மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே நிஜமா போலியா தெரிந்துவிடும். 1969இல் எஸ்எஸ் தனி மாடலாக இல்லை, இசட்25 என்ற ஆப்ஷன் தொகுப்பாகிவிட்டது. அதனால் சாதாரண வி8 மாலிபுவுக்கும் 136, மாலிபு உடம்பில் வந்த எஸ்எஸ்ஸுக்கும் 136. டாஷ்போர்டில் உள்ள தகட்டை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பான்டியாக் என்றால் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் அந்த வண்டியின் பழைய ஆவணத்தை வாங்கலாம். 1967இலிருந்து வந்த ஃபோர்டு என்றால் மார்ட்டி அறிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அப்படிக் கேட்டு வாங்க ஆவணம் இல்லை. ஆக, ஒரு மாலிபுவை எடுத்து, 396 இன்ஜினை இறக்கி, கறுப்பு கிரில்லும் எஸ்எஸ் எழுத்தும் ஒட்டிவிட்டால் பார்வைக்கு எஸ்எஸ்தான். 'குளோன்', அதாவது நகல், என்று சொல்லியே விற்கிற நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. அந்த விலை வேறு.

வண்டி வந்து இறங்கியது ஒரு வியாழக்கிழமை. ஹாரன் அடித்தேன். பெரியவர் வெளியே வந்தார். கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்தார், அதைப் பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் வீட்டுக்குள் போய் டார்ச், சின்னக் கண்ணாடி, கறை நீக்கும் ஸ்பிரே, பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்.

பானெட்டைத் திறந்து பயணி பக்கம் குனிந்தார். சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில், அதாவது இன்ஜினின் வார்ப்பு இரும்பு உடம்பில், சின்னதாக ஒரு தட்டையான இடம் உண்டு. இன்ஜின் எண் அங்கேதான் குத்தியிருக்கும். 1968 மாடலிலிருந்து வின் எண்ணின் பின்பகுதியும் அங்கே சேர்ந்தது. அழுக்கைத் துடைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். டி0207 என்று தெளிவாக இருந்தது. டோனவாண்டா ஆலை, பிப்ரவரி 7. பக்கத்தில் என் வண்டியின் எண். நான் சந்தோஷமாக நிமிர்ந்தேன். அவர் நிமிரவில்லை.

தொழிற்சாலையில் அந்த இடத்தைச் சீவும்போது மயிரிழை மாதிரி கோடுகள் ஒரே திசையில் விழும். அதன் மேல்தான் எண்ணைக் குத்துவார்கள். என்னுடையதில் கோடே இல்லை. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. யாரோ பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள்.

அது மட்டும் போதாது, பிற்பாடு எங்காவது பழுதுபார்க்கத் தேய்த்திருக்கலாம் என்று வாதாடினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பிளாக்கிலேயே வார்த்த தேதி புடைப்பாக இருக்கும். ஆங்கில எழுத்து மாதம், பிறகு நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம். எஃப் 18 9. 1969 ஜூன் 18.

ஜூனில் வார்த்த இரும்பைப் பிப்ரவரியில் பூட்டியிருக்கிறார்கள். ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பில், இருந்த தகட்டின்படி வண்டி உடம்பும் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தயாராகிவிட்டது. மேலே குத்தியவன் கீழே குனிந்து பார்க்கவில்லை.

காந்தத்தைத் துணியில் சுற்றிப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தார். நின்றது. சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். பொத்தென்று விழுந்தது. துருப்பிடித்த இடத்தை வெட்டிச் சரிசெய்யாமல் ஒரு விரல் கனத்துக்குப் பட்டி பார்த்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் பிறந்தது நாமக்கல் பக்கம், லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். பட்டி பார்த்த தகட்டை எங்கள் ஊர்ப் பையன்கள் விரலால் சுண்டியே சொல்லிவிடுவார்கள். மானம் போனது எனக்கு அங்கேதான்.

கடைக்கு போன் செய்தேன். முதல் நாள் "அப்படியா, விசாரிக்கிறோம்" என்றார்கள். இரண்டாம் நாள், முந்தைய உரிமையாளர் சொன்னதைத்தான் போட்டோம் என்றார்கள். மூன்றாவது முறை ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். 'உள்ளது உள்ளபடி' விற்பனை. வாய்மொழி உறுதி எதுவும் செல்லாது. வழக்குப் போட்டால் அவர்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். விளம்பரத்தில் அவ்வளவு பெரிதாக இருந்த 'நம்பர்ஸ் மேட்சிங்' என்ற சொல் ஒப்பந்தத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஒயரில் போன பணத்தைத் திருப்ப முடியாது என்று வங்கி கைவிரித்தது. வக்கீல் செலவுக் கணக்கைக் கேட்டதும் நானே எழுந்து வந்துவிட்டேன். அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன், பார்க்கலாம். தனி மதிப்பீட்டாளர் ஒருவர் வண்டிக்கு 33,000 டாலர் போட்டார், அதுவும் பட்டியை மன்னித்து.

வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் மூன்று படம் கேளுங்கள்: இன்ஜினில் எண் குத்திய இடம், பிளாக் வார்த்த தேதி, ஃபயர்வால் தகடு. மூன்றும் கிட்டத்தில் எடுத்த, வெளிச்சமான படமாக இருக்க வேண்டும். "வண்டி லிஃப்டில் இல்லை, அடுத்த வாரம் அனுப்புகிறோம்" என்று இழுத்தால் விட்டுவிடுங்கள். பரிசோதிக்கிற ஆளை நீங்களே தேடுங்கள். விளம்பரத்தில் என்ன சொன்னார்களோ அதை ஒப்பந்தத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காரணம் கேட்கவே வேண்டாம். பில்ட் ஷீட்டைப் பார்த்து மயங்காதீர்கள், அச்சடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பதிவை இன்று எழுதக் காரணம் வேறு. நேற்று ராத்திரி பெரியவர் கதவைத் தட்டி டேப்லெட்டை நீட்டினார். அதே கடையில் இன்னொரு 1969 ஷெவெல் எஸ்எஸ் விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்த முறை சிவப்பு. பில்ட் ஷீட் படமும் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில், டம்ளர் வைத்த மாதிரி, அதே வட்டக் கறை.