விமானியாக முதல் வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டு முதல் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு வேலை தந்த சிறு நிறுவனம் பயிற்சிக் கட்டணம் என்று ஒரு பெருந்தொகையை முன்பணமாக வாங்கியது; மூன்றாண்டுக்கு வேலையை விட்டுப் போகமாட்டேன் என்ற பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது; என் உரிமத்தையும் வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டிக்கொண்டது. இவ்வளவுக்கும் ஈடாக அவர்கள் தந்தவை பறப்பு மணிகள், அதாவது விமானி பறந்ததாகப் பதிவாகும் நேரம். அந்த மணிகளில் ஒன்றுகூட என் அடுத்த உரிமத்துக்குச் செல்லாது என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும்.

இப்படிப்பட்டவர்கள் பிழைப்பு நடத்துவது நம்முடைய மணிப் பசியை வைத்துத்தான். வணிக விமானி உரிமத்துக்கு சர்வதேசத் தரம் 200 மணி. அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சி என்றால் 150. பெரிய விமானத்தில் கேப்டனாவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500. இடையில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளைச் சொந்தக் காசில் பறந்து சேர்க்கச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளால் ஆகாது. அமெரிக்காவில் நிலைமை இன்னும் கடினம். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே நடந்த விமான விபத்தில் 50 பேர் இறந்ததைத் தொடர்ந்து அங்கே சட்டம் மாறியது. 2013 முதல் விமான நிறுவனத்தில் துணை விமானியாக அமர்வதற்கே பொதுவாக 1,500 மணி கேட்கிறார்கள். ஆகவே, "மணி தருகிறோம்" என்று ஒருவர் சொன்னதும் சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

எனக்குச் சொல்லப்பட்ட பதவி துணை விமானி. விமானம் செஸ்னா 208 கேரவன், ஒற்றை டர்போபிராப் இன்ஜின் கொண்ட நம்பகமான உழைப்பாளி. விமானத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை இயக்க ஒரே விமானி போதும் என்பதுதான் அதன் சான்றிதழ். நான் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து வானொலியில் பேசினேன், சரிபார்ப்புப் பட்டியல் வாசித்தேன், கேப்டன் அனுமதித்தபோது கைப்பிடியையும் பிடித்தேன். ஒவ்வொரு பயணத்தையும் துணை விமானி மணி என்று என் பறப்புப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். தலைமை விமானி கீழே முத்திரை குத்திக் கொடுத்தார்.

உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அந்தப் பதிவேட்டோடு போனபோது அங்கிருந்த அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தப் பயணங்களுக்கு இரண்டாவது விமானி தேவை என்று உங்கள் நிறுவனத்தின் இயக்கக் கையேட்டில் எங்கே இருக்கிறது?" எங்கேயும் இல்லை. ஆதாரத்துக்காக லோடு ஷீட், அதாவது விமானத்தில் ஏறும் எடையின் கணக்குத் தாள், அதன் நகல்களைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 'விமானிகள்: 1' என்று இருந்தது. என் உடல் எடை பயணிகளின் வரிசையில் சேர்க்கப்பட்டிருந்தது. எடைக் கணக்கு தவறினால் விமானத்துக்கு ஆபத்து என்பதால் என்னை எங்காவது எழுதியாக வேண்டும். விமானியாக எழுதினால் ஒழுங்குமுறை அமைப்பு கேள்வி கேட்கும். எனவே அரசாங்கத்துக்குப் போகும் காகிதத்தில் நான் பயணி, என்னிடம் காசு வாங்கும் காகிதத்தில் துணை விமானி. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இந்த விதியைப் புதியவர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் உரிமங்களைப் பற்றிய முதலாம் இணைப்பு இதைச் சொல்கிறது. விமானத்தின் சான்றிதழே இரண்டு விமானிகளைக் கேட்டால், ஏடிஆர் 72, ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போல, துணை விமானியாகப் பறந்த மணி முழுவதும் கணக்கில் சேரும். ஒருவர் போதும் என்று சான்று பெற்ற விமானத்தை இரண்டு பேர்தான் இயக்க வேண்டும் என்று நாடு விதித்திருந்தால், பாதிக்கு மேல் சேராது; துணை விமானிக்கான கருவிகள் பொருத்தி, இரு விமானிகள் இயங்கும் முறைப்படியே பறந்தால் மட்டும் முழுவதையும் ஏற்க அந்த நாடு அனுமதிக்கலாம். சான்றிதழும் கேட்கவில்லை, விதியும் கேட்கவில்லை என்றால் வலப்பக்கத்தில் இருப்பவர் சும்மா உட்கார்ந்து வருகிறவர்தான். எத்தனை முத்திரை குத்தினாலும் அது மாறாது.

மணிக் கணக்கில் மட்டும் ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு மனம் கொதித்திருக்காது. ஒருநாள் இடப்பக்க எரிபொருள் காட்டியின் முள் ஒரு நிலையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கியதும் விமானத்தின் பழுதுகளைக் குறிக்கும் தொழில்நுட்பப் பதிவேட்டை எடுத்து எழுதப் போனேன். தலைமை விமானி பதிவேட்டை மூடி என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "தம்பி, இதில் எழுதினால் விமானம் நாளைக்கு நின்றுவிடும். இங்கே எழுதுங்கள்" என்று வெயில் மறைப்புத் தகட்டின் பின்னால் செருகியிருந்த ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். அந்தச் சீட்டில் எனக்கு முன்பே பலர் பென்சிலால் எழுதியிருந்தார்கள். கதவுத் தாழ், பிரேக், திசைகாட்டி விளக்கு. ஒன்றும் பதிவேட்டில் ஏறவில்லை. வேலைக்குச் சேருமுன் நிறுவனத்தைப் பார்க்கப் போகிறவர்கள் விமானத்தின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். தொழில்நுட்பப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். தினமும் உழைக்கும் விமானத்தின் பதிவேட்டில் மாதக்கணக்காக ஒரு பழுதும் இல்லை என்றால், பழுதுகள் வேறு எங்கோ எழுதப்படுகின்றன என்று பொருள்.

பத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிக்குச் செலவழித்த நிறுவனம், விமானி உடனே ஓடிவிடாமலிருக்கப் பத்திரம் கேட்பது நியாயம்தான். நியாயமான பத்திரத்தில் உண்மையான பயிற்சிச் செலவு எழுதப்பட்டிருக்கும். வேலை பார்க்கும் ஒவ்வொரு மாதமும் தொகை குறையும். நிறுவனமே வெளியே அனுப்பினால் கடன் ரத்தாகும். என்னிடம் வாங்கிய பத்திரத்தில் மூன்றும் இல்லை. பயிற்சிக்கு நானே பணம் கட்டியிருக்க, அதே பயிற்சிக்காக என்னைக் கடனாளியாகவும் ஆக்கியிருந்தார்கள். மூன்றாண்டுக் காலமும் கையெழுத்திட்ட நாளிலிருந்து தொடங்கவில்லை. தனித்துப் பறக்க அவர்கள் அனுமதி தரும் நாளிலிருந்து என்று இருந்தது. அந்த நாளை அவர்கள் விருப்பம்போல் தள்ளிக்கொண்டே போகலாம், தள்ளினார்கள். இடைப்பட்ட காலத்தில், வலப்பக்க இருக்கையில் உட்காராத நேரமெல்லாம் சரக்கு ஏற்றுவதும் கணக்கு எழுதுவதும்தான் என் வேலை. தரைப்பணியில் தொடங்கிப் பறப்புக்கு உயர்த்தும் நல்ல நிறுவனங்கள் உண்டு, அதில் இழிவு எதுவுமில்லை. ஆனால் எப்போது உயர்த்துவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மூல உரிமத்தை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். அது பறக்கும்போது விமானியிடம் இருக்க வேண்டிய ஆவணம். அதைப் பூட்டி வைப்பவர் உங்களைப் பூட்டி வைக்கிறார்.

இன்னொரு வகை வியாபாரமும் நடக்கிறது. ஏ320 டைப் ரேட்டிங், அதாவது அந்த விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி, முடித்தால் வேலை உறுதி என்று விளம்பரம் செய்வார்கள். ரேட்டிங் கிடைக்கும், வேலை கிடைக்காது. பல நாடுகளில் அந்த ரேட்டிங்கை ஆண்டுதோறும் சிமுலேட்டரில், அதாவது விமானி அறை போன்ற பயிற்சிக் கருவியில், தேர்வு கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் பணம். அதைவிடக் கொடியது, வலப்பக்க இருக்கையையே சில நூறு மணிகளுக்கு விற்பது. வாங்கியவரின் மணி முடிந்ததும் அடுத்தவரிடம் பணம் வாங்கி அவரை உட்கார வைப்பார்கள். சம்பளம் வாங்க வேண்டிய இடத்தில் விமானி பணம் கட்டுகிறார். அங்கே யாருக்கும் நிரந்தர வேலை கிடைக்காது, ஏனென்றால் நிரந்தர ஆள் வந்தால் விற்க இருக்கை இருக்காது.

அப்படியானால் எந்த வேலைக்குப் போவது என்று கேட்பீர்கள். பயிற்றுநர் வேலையைத்தான் முதலில் சொல்வேன். பயிற்றுநராகப் பறக்கும் மணி, விமானத்துக்குப் பொறுப்பான கேப்டனின் மணியாகவே பதிவாகும், அதில் தகராறு இல்லை. வான்வழி நில அளவை மணிகளை வேகமாகச் சேர்க்கும். பாராசூட் வீரர்களை ஏற்றிச் செல்லும் வேலையில் ஏறி இறங்கும் திறமை கூர்மையாகும், ஆனால் பெரும்பாலும் பகலில், தெளிந்த வானத்தில்தான் பறப்பீர்கள். ஏடிபிஎல்லுக்கு மொத்தம் 1,500 மட்டும் போதாது. இரவில் 100 மணி, கருவிகளை நம்பிப் பறந்தது 75 மணி, நெடுந்தூரப் பயணம் 200 மணியும் வேண்டும். வேலை தருகிறவர் சொல்லும் மொத்த மணியைவிட, அதில் எந்த வகை எவ்வளவு என்பதே முக்கியம்.

நிறுவனம் அறிமுகப்படுத்தும் ஆட்களிடம் விசாரிப்பதால் பயனில்லை. கடைசியாக வேலையை விட்டுப் போனவரைத் தேடிப் பிடியுங்கள். அவருடைய மணிகளை அடுத்த இடத்தில் ஏற்றுக்கொண்டார்களா என்று கேளுங்கள். விமானங்களை இயக்க நிறுவனத்துக்குத் தரப்பட்ட இயக்கச் சான்றிதழில் நீங்கள் பறக்கப்போகும் விமானத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விமான வகை, இருக்கை, பயணத்தின் தன்மை மூன்றையும் குறிப்பிட்டு, இந்த மணிகள் எந்த அளவுக்குக் கணக்கில் சேரும் என்று உரிமம் வழங்கும் அமைப்புக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பொறுக்க முடியாது, இன்றே கையெழுத்திட வேண்டும் என்று நிறுவனம் நெருக்கினால் பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.