தண்டனை அடுத்தடுத்து ஓடினால்: அப்பீலா, ஹைகோர்ட் மனுவா?

ராத்திரி பூட்டை உடைத்து வீடு புகுந்தவர் பீரோவிலிருந்த நகையை எடுத்துப் பிடிபடுகிறார். வீடு புகுந்ததற்கு 3 ஆண்டு, திருடியதற்கு 3 ஆண்டு. ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று மாஜிஸ்திரேட் எழுதினால் 3 ஆண்டில் வெளியே. ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்றால் 6.

இதை மாற்ற முதல் வழி, செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல். 30 நாள் கெடு. தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட வேண்டும். குற்றமே செய்யவில்லை என்றும் வாதாடலாம், தண்டனையை மட்டும் எதிர்த்தும் வாதாடலாம். ஒரே இரவு, ஒரே வீடு, ஒரே செயல் என்ற வாதத்துக்கு இங்கேதான் மதிப்பு அதிகம். தண்டனை கூடிவிடுமோ என்று குடும்பத்தார் பயப்படுவார்கள். குற்றவாளி போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது.

இரண்டாவது, ஹைகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரத்தை (நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போடும் அதிகாரம்) நாடும் மனு: பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 528, பழைய சட்டத்தில் 482. தனித்தனி வழக்குகளில் உள்ளே போனவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கடைசியில் பிடிக்கிறார்கள். பிரிவு 467 (பழைய 427) படி, கோர்ட் ஒன்றும் சொல்லாமல் விட்டால் முதல் தண்டனை முடிந்தபிறகே அடுத்தது தொடங்கும். அந்த மௌனத்தை அப்பீலிலேயே கேள்வி கேட்காமல் பிறகு 482-இல் வந்தவருக்கு, எம்.ஆர். குட்வா வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் கை கொடுக்கவில்லை. வெவ்வேறு சம்பவம் என்றால் ஏககாலச் சலுகை பொதுவாகக் கிடையாது என்று முகமது ஜாஹித் வழக்கிலும் (2021) சொன்னது. என் பார்வையில் அப்பீலே முதல் கதவு.

ஆனால் இக்ரம் வழக்கு வேறு மாதிரி. மின்சாதனத் திருட்டு தொடர்பாக 9 வழக்கு, தலா 2 ஆண்டு. அடுத்தடுத்து ஓடினால் 18. ப்ளீ பார்கெய்னிங்கில் (தண்டனை குறையும் என்று பேசி முடித்து) குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்பதால் வழக்கமான அப்பீலும் கிடையாது. அலகாபாத் ஹைகோர்ட் கைவிரித்தது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ஏககாலத்தில் ஓட உத்தரவிட்டது. அவ்வளவு தூரம் போக எத்தனை பேரால் முடியும்?

எந்த வழியில் போனாலும், அபராதம் கட்டாததற்கான சிறை ஏககாலத்தில் கரையாது. வி.கே. பன்சால் தீர்ப்பு (2013) அதைத் தெளிவாக்கிவிட்டது. வக்கீல் மனு எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பணத்தைக் கட்டி ரசீதை வாங்கி வையுங்கள்.