மூன்று வருசம் ஒரு கெற்றபோல்: சட்டம் தங்கம், பட்டிதான் வில்லங்கம்

உன்னுடைய கெற்றபோல் (உண்டிவில்) விலை குறைந்திருக்கிறது, இப்போது வாங்கலாமா என்று மல்லாவியில் இருக்கிற கூட்டாளி நேற்று இரவு கேட்டான். போனில் சொல்லத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் போய்விட்டது, அவனுக்கு நித்திரை வந்துவிட்டது, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நான் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது 4,000க்குக் கிடைக்கிறதாம். அலுமினியச் சட்டம், இழுக்கிற றப்பர்ப் பட்டியைக் கவ்விப் பிடிக்கிற திருகாணிகள், கைப்பிடியில் றப்பர் உறை, இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது.

குருவி, அணில் அடிக்க நான் இதை வாங்கவில்லை. அதற்கு வாங்குகிறவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். ஜேர்மனியில் இருக்கிற மச்சான் அங்கே ஒரு கழகத்தில் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி சுடுகிறவன். வந்து நின்ற நேரம் அந்தப் போட்டியின் குறியட்டை ஒரு கட்டு கொண்டுவந்து தந்தான். அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது, அவன் போனில் படத்தைக் காட்டத் தொடங்கியதும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். எனக்கோ அட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கறுப்பு வட்டம் முழுவதும் 59.5 மில்லிமீட்டர், அதற்குள் 10 புள்ளி வட்டம் வெறும் 11.5. அதை 10 மீட்டருக்கு அப்பால் கொழுவிவிட்டு, ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு 60 குண்டு சுட வேண்டும், எல்லாம் நடுவில் பட்டால் 600. துவக்கு வேண்டாம், இந்த அட்டையைக் கெற்றபோலால் அடித்துப் பார்ப்போம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சட்டத்தைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு அந்த மரியாதை உண்டு. மூன்று வருசத்தில் ஒரு திருகாணி கூடக் கழரவில்லை. கையில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே சரிவில் வந்து உட்காருகிறது, சின்ன வயதில் கொய்யாக் கவட்டையில் இந்தச் சுகம் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. வலது பக்கக் கொம்பின் மேல் விளிம்பைக் குறிக்கு நேரே வைத்து, குண்டு வைத்து இழுக்கிற தோல் துண்டைக் கன்னத்து எலும்பில் தொட்டுவிட்டால் இடம் வலம் அநேகமாகச் சரியாகிவிடும். கச்சான் காற்று தொடங்குவதற்கு முன் விடியற்காலை ஆறரைக்குப் பின் வளவில் நின்று அடித்தால் பத்துக் குண்டில் ஏழு கறுப்புக்குள் போகும். முதல் மாதத்தில் ஒரு நாள் பத்தும் போனது. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, இனி றப்பர்.

பட்டி புதிதாக இருக்கிற முதல் ஐம்பது, அறுபது தடவை அடிக்கும் வரை சொர்க்கம். அப்புறம் குண்டுகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும். முதலில் என் கைதான் பிழை என்று நினைத்தேன், மூச்சை மாற்றினேன், நிலையை மாற்றினேன், ஒரு மாதம் என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. 8 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு, 2 கிராம் சொச்சம். அது வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டர் கடப்பதற்குள் பூமி அதைப் பதின்மூன்று, பதினான்கு சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். பட்டி களைத்து வேகம் 50க்கு இறங்கினால் அதுவே 20 சென்டிமீட்டர். வித்தியாசம் 6 சென்டிமீட்டர், ஆனால் கறுப்பின் நடுவிலிருந்து விளிம்புக்கு 3 சென்டிமீட்டர்தான் இருக்கிறது! அதாவது கை துளியும் பிசகாமல் இருந்தாலும் குண்டு கறுப்புக்கு வெளியே போய்விடும். மச்சானின் துவக்கில் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் போகிறது, முழுத் தூரத்துக்கும் இறக்கம் 2 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதோடு அதன் உருளைக்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருந்தாலும், ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தை மட்டும் விடுகிற கட்டுப்பாட்டுக் கருவி நடுவில் இருக்கிறது. முதல் குண்டும் அறுபதாவது குண்டும் ஒரே வேகம். குறி தப்பாமை என்று நாங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஒரே வேகம்தான் என்று இப்போது நம்புகிறேன்.

அந்த உருளையைப் போட்டியில் பத்து வருசம் வரை பாவிக்கலாம் என்பது விதி. என் பட்டி பத்துக் கிழமை தாங்குவதில்லை.

வன்னி வெயில் றப்பருக்கு எமன். முதல் பட்டி 350 அடி தாங்கியது, அது மார்கழி மாதம். சித்திரையில் கட்டியது 200ஐத் தாண்டவில்லை. வெயில் படாமல் பால்மாப் பேணிக்குள் பவுடர் போட்டு மூடி வைக்கப் பழகிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டு என்று சொல்லாதீர்கள், அதுவும் செய்து பார்த்தேன். இப்போது வருகிற கறுப்பு ரியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் றப்பர், காற்றைப் பிடித்து வைக்கத்தான் அது நல்லது, இழுத்து விட்டால் சோம்பேறித்தனமாகத் திரும்பி வரும். ஒட்டுசுட்டானில் இருக்கிற மாமா சொல்கிற அந்தப் பழைய சிவப்பு ரியூப் இயற்கை றப்பர், அதனால்தான் அவர் கவட்டையாலேயே மீன் ரின்னை ஓட்டை போட்டார். களுத்துறையிலும் கேகாலையிலும் றப்பர் பால் வெட்டுகிற நாட்டில், அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு நல்ல றப்பர்த் தாளுக்கு நான் வெளிநாட்டுப் பொதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே வயிற்றெரிச்சல்.

போன கிழமை நடந்ததுதான் பொறுமையை முடித்தது. விற்றவரிடமே மேலதிகப் பட்டி மூன்று சோடி வாங்கினேன். உறையைப் பிரித்தபோதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது, எவ்வளவு காலம் எங்கே கிடந்ததோ. இருந்தாலும் ஒரு சோடியைக் கட்டினேன். பதினோராவது அடியில், முழுதாக இழுத்து நிற்கும்போது, தோலுக்குக் கிட்ட கட்டிய இடத்தில் இடது பட்டி அறுந்து கன்னத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், கண் தப்பியது. கண்ணாடி இல்லாமல் யாரும் இதைத் தொடக் கூடாது, கல்லுக்கும் மரத்துக்கும் இரும்புக் குண்டு அடிக்கவும் கூடாது, திரும்பி வரும். நான் பெரிய மட்டைப் பெட்டிக்குள் பழைய சாரம் இரண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன், குண்டு துணியில் பட்டு அப்படியே கீழே விழும். படத்தோடு விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை.

இப்போது தாளாக வாங்கி நானே வெட்டுகிறேன். கொம்புப் பக்கம் 20 மில்லிமீட்டர், தோல் பக்கம் 12. நீளம் 16 சென்டிமீட்டர், அதை ஐந்து மடங்காக 80 வரை இழுப்பேன். இரண்டு பட்டிக்கும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் இழுக்கும்போது அது ஒரு சென்டிமீட்டராகிவிடும், குண்டு பக்கவாட்டில் ஓடும், ஆகவே வெட்டுகிற நாளில் யாரும் என்னோடு கதைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வெட்டினால் மூன்று நாலு சோடி, எல்லாம் பேணிக்குள். 120 அடியில் கழற்றி எறிந்துவிடுவேன், அறுகிற வரை பார்ப்பதில்லை.

நியாயமாகச் சொன்னால் சட்டத்தைச் செய்தவனில் பிழை இல்லை. இந்த விலைக்கு இப்படி ஒரு வேலைப்பாடு நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மல்லாவிக்காரனுக்கு என் பதில்: வாங்காதே. நீ பட்டியை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுவிட்டு வயலுக்குப் போகிறவன், இரண்டாம் மாதமே இது உன் வீட்டு ஆணியில் தொங்கும். மூன்று சோடி பட்டி வெட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை விடிய வா, என்னுடையதில் அறுபது குண்டு அடித்துப் பார். கண்ணாடி கொண்டுவா.